வீட்டுக்கொரு கிணறு

“இத யார் வேணா எழுதலாம் மேடம்” என்று தென்னவன் சொன்னபோது தையல்நாயகி சிரித்தாள். அந்தச் சிரிப்புதான் இப்போது அவளை அறுத்தது. அவர் மேல் கோபம், பதிப்பகத்துப் படியிறங்கி நுங்கம்பாக்கம் ஸ்டேஷனுக்கு நடக்கும்போதே வந்துவிட்டது. அது சுலபமான கோபம், வெயிலோடு சேர்ந்து மண்டைக்கு ஏறுகிற கோபம். தன் மேல் வந்த கோபம்தான் சாவகாசமாக வந்தது. மகளிர் பெட்டியில் ஏறி, ஜன்னலோரம் இடம் பிடித்து, வரைபடம் சுருட்டி வைத்த நீளக் குழாயை முழங்கால்களுக்கு நடுவே நிறுத்திக்கொண்டு, ரயில் ஒரு குலுக்கலோடு கிளம்பிய பிறகு வந்தது. எதற்குச் சிரித்தாய்? ஒரு மனுஷன் உன் எட்டு வருஷத்தை மேஜை ஓரத்துக்குத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் பிஸ்கட் தட்டை வைக்கிறான், நீ பல்லைக் காட்டிக்கொண்டு ஒன்றை எடுத்துக் கடிக்கிறாய். தேங்காய் பிஸ்கட். அதன் துணுக்கு இன்னும் கடைவாயில் கிடந்து இனித்தது. நாக்கால் நெம்பிப் பார்த்தாள், வரவில்லை. யார் வேணா எழுதலாமா? எங்கே, எழுதச் சொல்லுங்க சார் பார்ப்போம், அந்த யாரோ ஒருத்தரை. இது அங்கேயே சொல்லியிருக்க வேண்டியது. இந்த மாதிரிப் பதிலெல்லாம் அவளுக்குப் படியிறங்கும்போதுதான் வரும், சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். எதிரில் ஆள் இருக்கும்போது வாயில் வருவது ஒரே ஒரு பதில். அதையும் இன்றைக்குத் தவறாமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள். “யோசிக்கிறேன் சார்.” யோசிக்கிறாளாம்.

என்ன யோசிப்பது? கிண்டியில் ஒரு கட்டுமான நிறுவனத்தில் மனைப்பிரிவு வரைபடம் போடுகிற வேலை அவளுக்கு. பகலெல்லாம் யாரோ வாங்கப்போகிற மனைகள், முப்பதடிச் சாலை, மூலை மனைக்குக் கூடுதல் விலை, பூங்கா என்று பச்சை அடித்துக் காட்ட ஒரு முக்கோணம். அதெல்லாம் முடிந்து கூடுவாஞ்சேரி வீட்டுக்கு வந்து, உலை வைத்து, பாத்திரம் கவிழ்த்த பிறகு அவள் போட்டது வேறு வரைபடம். நூவலம். அப்படி ஒரு நாடு எங்கும் கிடையாது. அவள் ஒரு நாவல் எழுத நினைத்தாள். நாவல் என்றால் அதில் யாராவது தெருவில் நடக்க வேண்டும். தெருவில் நடக்க வேண்டுமென்றால் தெரு எந்தப் பக்கம் போகிறதென்று தெரிய வேண்டாமா, தெரு முனையில் என்ன மரம், காலையில் அதன் நிழல் எந்தச் சுவரில் விழும், சுவர் என்ன கல், கல்லை எந்த மலையில் வெட்டினார்கள், வெட்டினவனுக்கு மத்தியானம் என்ன சாப்பாடு? ஒன்றைத் தொட்டால் இன்னொன்று வந்து கையைப் பிடித்தது. அவள் ஒரு ஆற்றைத் தெற்கிலிருந்து வடக்கே ஓடவிட்டாள். காற்று திரும்புகிற மாதங்களை வகுத்தாள். உப்பு எங்கிருந்து வரும், பிரசவத்துக்கு யார் வருவார்கள், செத்தால் தலையை எந்தத் திசையில் வைப்பார்கள், அண்ணன் தம்பி அடித்துக்கொண்டால் யார் நடுவில் நிற்பார்கள், எல்லாவற்றுக்கும் அவளிடம் விடை இருந்தது. சாம்பார் கொதிக்கும்போது நூவலத்துச் சந்தையில் என்ன மணக்கும் என்று யோசித்து, சாம்பார் அடிப்பிடித்திருக்கிறது. கணவன் வீரையன் அரசுப் பள்ளியில் புவியியல் வாத்தியார். படத்தைப் பார்த்து முதல் வருஷம் வியந்தான், மூன்றாம் வருஷம் திருத்தம் சொன்னான், ஐந்தாம் வருஷத்திலிருந்து கிண்டல். “தையலு, குடிவர ஆளே இல்லாத ஊருக்கு இன்னும் எத்தன வருசம் ரோடு போடுவ? கதைய ஆரம்பி தாயி.” “நாடு முடியட்டும்ங்க.” “எந்த நாடு முடிஞ்சிருக்கு?” அவன் சிரிப்பான். அவளுக்கு எரியும். சிரிக்கிறவனுக்கு என்ன, பூகோளம் ரெடிமேடாகக் கிடைத்தது, பாடப்புத்தகத்தைத் திறந்தால் ஆறு ஓடுகிறது.

தென்னவன் கெட்டவர் இல்லை. அதுதான் பெரிய இம்சை. கெட்டவராக இருந்தால் கோடம்பாக்கம் வருவதற்குள் மனசுக்குள் திட்டித் தீர்த்துவிட்டு வெளியே வேடிக்கை பார்க்க ஆரம்பித்திருப்பாள். அவளுடைய நாலு சிறுகதைகளை அவர்தான் தன் பத்திரிகையில் போட்டார். ஐம்பது வயசு மனுஷர், வாய் நிறைய மேடம் என்றுதான் கூப்பிடுவார். இன்றைக்கும் வரைபடத்தை விரித்து, நாலு மூலைக்கும் நாலு புத்தகத்தை வைத்து அழுத்தி, கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார். “அபாரமான உழைப்பு மேடம். ஒவ்வொரு சந்தும் போட்டிருக்கீங்க!” அவளுக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அப்புறம் கண்ணாடி இறங்கியது. “ஆனா ஒண்ணு கேக்கறேன், தப்பா எடுத்துக்கக் கூடாது. இதுல உங்க வலி எங்க இருக்கு?” தபாலாபீஸ் எங்கே இருக்கிறது என்று கேட்பதுபோல் கேட்டார். “உங்க ஊரு, உங்க தெரு, அம்மா நடவுக்குப் போனது, பள்ளிக்கூடத்துல நடந்தது… அத எழுதுங்க மேடம். அத நீங்கதான் எழுத முடியும். ரத்தமும் சதையுமா வரும். ஜனவரி கண்காட்சிக்கே கொண்டாந்துடலாம். இத யார் வேணா எழுதலாம்.” அம்மா நடவுக்குப் போனாள் என்று இவருக்கு யார் சொன்னது? அவள் சொன்னதில்லை. ஒரு கதையிலும் எழுதினதில்லை. முதல் தடவை பார்த்தபோது கேட்டார், “சொந்த ஊரு?” “சீர்காழி பக்கம் சார்.” “சீர்காழில எங்க?” “பக்கத்துல ஒரு கிராமம்.” “கிராமத்துல எந்தப் பக்கம்?” இந்தக் கேள்வி கடைசியில் எந்த ஸ்டேஷனில் போய் நிற்கும் என்று கேட்கிறவனுக்கும் தெரியும், பதில் சொல்கிறவளுக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு ஸ்டேஷனாக நின்று நின்றுதான் கூட்டிப்போவார்கள். “கிழக்குப் பக்கம்” என்றாள். அவர் தலையை மெதுவாக, ஏதோ சாவு வீட்டில் ஆட்டுவதுபோல ஆட்டினார். அன்றிலிருந்து மரியாதை கூடியது. கதையைப் படிக்கும் முன்பே பாராட்டு தயாராக இருந்தது. இன்றைக்கு அவர் முதுகுக்குப் பின்னால் அலமாரியில் அவரே போட்ட ஒரு நாவல் இருந்தது. கடலுக்கு அடியில் ஒரு நகரம், அதில் திமிங்கிலத்தின் மேல் சவாரி போகிற இளவரசன், எழுதியது வெளிநாட்டில் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற யாரோ ஒரு பையன், அட்டையில் புடைத்த தங்க எழுத்து. அவளும் அதைக் காசு கொடுத்து வாங்கிப் படித்தாள். அந்தப் பையனை எதிரில் உட்காரவைத்து உங்க வலி எங்க தம்பி என்று யாராவது கேட்டிருப்பார்களா? திமிங்கிலம் என்ன சாப்பிடும் என்றுதான் கேட்டிருப்பார்கள். அவன் கடலுக்கு அடியில் போகலாம், மேகத்துக்கு மேலே போகலாம். அவள் மட்டும் எங்கே போனாலும் பொழுது சாய்வதற்குள் தெருவுக்குத் திரும்பிவிட வேண்டும்.

மாம்பலத்தில் கூட்டம் ஏறியது. துணிக்கடைப் பைகள், கசங்கின மல்லிகை, வியர்வை, ஒரு குழந்தையின் அழுகை எல்லாம் ஒன்றாக உள்ளே வந்து விழுந்தன. பக்கத்தில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். இருபத்தைந்து வயசுக்கு மேல் இருக்காது, ஏதோ ஆஸ்பத்திரி அடையாள அட்டை கழுத்தில் தொங்கியது. செருப்பைக் கழற்றி, நின்று நின்று வீங்கின கால்விரல்களை நீட்டி மடக்கினாள். “அக்கா, இந்தக் குழாய கொஞ்சம் அந்தாண்ட வச்சுக்கறீங்களா? முட்டில இடிக்குது.” தையல்நாயகி நகர்த்தி வைத்தாள். வச்சுக்கறீங்களா. நூவலத்து மொழியில் இந்த ‘ங்க’ கிடையாது. நீ கிடையாது, நீங்கள் கிடையாது, வாடா கிடையாது, வாரும் கிடையாது. எதிரில் நிற்பது யாராக இருந்தாலும் ஒரே ஒரு சொல். அந்தச் சொல்லைக் கண்டுபிடிக்க ஒரு வருஷம் ஆனது, கண்டுபிடித்த பிறகு அதை வைத்துக்கொண்டு தமிழில் ஒரு பேச்சு எழுத முடியாமல் இன்னொரு வருஷம் முட்டிக்கொண்டாள். தமிழில் வாயைத் திறந்தால் போதும், முதல் சொல் முடிவதற்குள் யார் மேலே யார் கீழே என்று தெரிந்துவிடும். அவளுடைய அப்பா கலியபெருமாள். ஊரில் மீசை முளைக்காத பயலெல்லாம் கலியா வாடா என்பான். அதுகூடப் பரவாயில்லை, அவர் ஓடிக்கொண்டே சொல்வாரே, “இந்தா வந்துட்டேங்க”, அந்த ‘ங்க’வுக்காக ஒரு வயசில் அவள் அப்பாவையே வெறுத்தாள். வீட்டிலும் பார், வீரையன் அவளை நீ என்கிறான், அவள் அவனை நீங்க என்கிறாள். இதைக் கவனித்த அன்றைக்கு ரோஷம் வந்து, “நீ சாப்டியா?” என்று கேட்டுப் பார்த்தாள். அவன் சந்தோஷமாக, “சாப்ட்டேன், நீ?” என்றான். அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவளுக்குத்தான் நாக்கில் ஏதோ ஒட்டாமல் கிடந்தது, சாயங்காலம் காப்பி கொடுக்கும்போது ‘ங்க’ தானாகவே வந்து உட்கார்ந்துகொண்டது. அதற்காக அவள் ஒரு நாட்டையே கட்டினாள். தென்னவன் குனிந்து கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்க்கிறார், பார்த்துவிட்டு வலி எங்கே என்கிறார். இருக்கிறது சார், எல்லாக் கோட்டிலும் இருக்கிறது என்று சொன்னால் அவர் ஜெயித்துவிடுவார். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை, இது சும்மா கற்பனை என்று சொன்னால் அவள் பொய் சொன்னவளாகிவிடுவாள். எந்தப் பக்கம் கால் வைத்தாலும் அவர் வீட்டு வாசலிலேயே போய் நிற்கிறது. தூ.

சைதாப்பேட்டை தாண்டி ஆற்றுப் பாலத்தில் ரயில் தடதடத்தது. கீழே கறுப்புத் தண்ணீர், வழக்கமான நாற்றம், எல்லாரும் பேச்சை நிறுத்தாமலே மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். பக்கத்துப் பெண் திரும்பினாள். “அக்கா, தண்ணி இருக்கா? காலைலேர்ந்து ஒரு வாய் குடிக்கல. வார்டுல நேரமே கெடைக்கல.” தையல்நாயகி பையிலிருந்து பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள். அந்தப் பெண் மூடியைத் திருகி, வாயில் வைத்து, மடக்கு மடக்கென்று பாதியைக் குடித்துவிட்டுப் புறங்கையால் உதட்டைத் துடைத்துக்கொண்டாள். “தேங்ஸ்க்கா. உயிரே வந்துச்சு.” பாட்டிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் செல்போனை எடுத்துக்கொண்டாள். அவ்வளவுதான். கிண்டி வந்து கதவோரம் ஜனங்கள் இடித்துக்கொண்டபோதுதான் தையல்நாயகிக்குத் தெரிந்தது, அந்தப் பெண் பாட்டிலை வாங்கியதிலிருந்து வாயில் வைத்தது வரைக்கும் தான் மூச்சு விடவில்லை என்று. எதற்குக் காத்திருந்தாள்? அந்தப் பெண் அண்ணாந்து ஊற்றிக்கொள்வாளா என்று பார்த்தாளா? பார்த்து என்ன செய்யப் போகிறாள், நாற்பத்து மூன்று வயசில்? நினைக்கக் கூடாது என்று நினைத்ததெல்லாம் வரிசையில் வந்து நின்றது. எட்டு வயசு. அறுப்பு. அம்மா களத்தில் நின்றாள், தையல்நாயகியைத் தாகம் பிடுங்கியது, நிலத்துக்காரர் வீட்டுக் கொல்லைப்பக்கம் போய் நின்றாள். அந்த வீட்டம்மா எட்டிப் பார்த்தார். “அடியே, யாரு புள்ள நீ? மொகமெல்லாம் வாடிக் கெடக்கு! இரு, இரு.” பித்தளைச் சொம்பில் கொண்டுவந்தார். “கைய ஏந்து.” ஏந்தினாள். மேலேயிருந்து ஊற்றினார், நூல் பிடித்தமாதிரி, ஒரு சொட்டு சிதறாமல், அவள் விழுங்கும்வரை நிறுத்தி, மறுபடி ஊற்றி. “மெள்ள, மெள்ள. பொறையேறிடப் போவுது.” அப்படி ஒரு குளிர்ந்த தண்ணீரை அதற்கப்புறம் அவள் குடித்ததில்லை. முழங்கை வழியாக வழிந்து பாவாடை நனைந்தது, அவள் சிரித்தாள், அந்த அம்மாவும் சிரித்தார். களத்துக்கு ஓடிவந்து, “அந்த அம்மா ரொம்ப நல்லவங்கம்மா” என்றாள். அம்மா முந்தானையால் அவள் வாயை அழுத்தித் துடைத்தாள், வலிக்கிற மாதிரி. அப்புறம் பத்து வருஷம் கழித்துக் கல்லூரி விடுதி, முதல் நாள், அறைத்தோழி ஒரு டம்ளர் தண்ணீரை “இந்தா” என்று நீட்டினாள். தையல்நாயகி இரண்டு கையையும் சேர்த்து ஏந்தினாள். அந்தப் பெண்ணுக்குப் புரியவில்லை. “என்னடி, பிச்சையா கேக்கற?” என்று சிரித்தாள். கை ஏந்தினபடியே நின்றது. அன்றைக்குத்தான் அந்தக் கொல்லைப்புறம் என்னவென்று தெரிந்தது. அடித்திருந்தால் தேவலை. விரட்டியிருந்தால் தேவலை. சந்தோஷமாக இருந்தாளே, அந்த எட்டு வயசுக் கழுதை, நனைந்த பாவாடையோடு சிரித்துக்கொண்டு ஓடிவந்ததே! அதன் கன்னத்தில் ஓங்கி ஒன்று விட வேண்டும்போல் இருந்தது. அபாரம் மேடம் என்று ஒருத்தர் மேலேயிருந்து ஊற்றினார், இன்றைக்கும் உடம்பெல்லாம் குளிர்ந்தது. அவளுக்கு எதுவும் மாறவில்லை.

மீனம்பாக்கத்தில் ஒரு விமானம் தலைக்கு மேல் இரைந்துகொண்டு இறங்கியது. திரிசூலத்துக் குன்று வெந்த செங்கல் நிறத்தில் நின்றது. கல்லைப் பார்த்ததும் கை தன்னாலே குழாயைத் தடவியது. கல். நூவலத்துக் கல். அதை அவள் எத்தனை தடவை மாற்றினாள்! அவளுடைய ஊர்களில் ஒவ்வொரு வீட்டுக்கும் பின்கட்டில் ஒரு கிணறு இருந்தது. குடிசைக்கும் கிணறு, ஊர்ப் பெரியவன் வீட்டுக்கும் அதே அளவில் கிணறு. அதைப் பார்த்துத்தான் வீரையன் முதல் முதலாகச் சிரித்தான். “முந்நூறு வீட்டுக்கு முந்நூறு கிணறா? பக்கத்து வீட்டுக்காரன் எறச்சா ஒன் கிணத்துல தண்ணி எறங்கும் தையலு. பூமி என்ன, சல்லடையா? ஊருக்குப் பொதுவா ரெண்டு போடு, போதும்.” அவள் இரண்டு நாள் அவனோடு பேசவில்லை. என்ன பைத்தியம் இது என்று அவளே நினைத்தாள், ஆனால் கிணற்றைக் குறைக்கவில்லை. கிணற்றுக்காகப் பாறையைத் தூக்கிப் போட்டுவிட்டுச் சுண்ணாம்புக்கல்லை வைத்தாள். கல்லுக்காக மழையைக் கூட்டினாள். மழைக்காக மேற்கே ஒரு மலைத்தொடரையே நகர்த்தினாள். ஆறு தெற்கிலிருந்து வடக்கே ஓடுவதற்குக்கூட அந்த மலைதான் காரணம். செழிப்பான நாடு, தண்ணீர்ப் பஞ்சம் இல்லாத நாடு என்று நினைத்துக்கொண்டு எட்டு வருஷம் கட்டியிருக்கிறாள். இப்போது, பக்கத்தில் ஒரு பெண் தலையைச் சாய்த்துத் தூங்கத் தொடங்கின இந்த நிமிஷத்தில், எல்லாம் ஒன்றாகத் தெரிந்தது. அந்த நாட்டில் ஊர்க்குளம் கிடையாது. தண்ணீர்ப் பந்தல் கிடையாது. திருவிழாவில் மோர் ஊற்றுகிறவர் கிடையாது. விருந்தாளி வந்தால் அவரவர் குடுவையோடு வருவார்கள் என்று ஒரு வழக்கம் வைத்திருந்தாள், அழகான வழக்கம் என்று வேறு நினைத்தாள். யாரும் யாரிடமும் தண்ணீர் கேட்டுவிடக் கூடாது. அவ்வளவுதான் நூவலம். மலையையும் மழையையும் தூக்கிவைத்து அவள் மறைத்தது ஒரு பித்தளைச் சொம்பை. அந்த அம்மா அங்கேயும் வந்து உட்கார்ந்துவிட்டார்! யாரும் உள்ளே வர முடியாதென்று நினைத்த இடத்தில், சுவர் வைத்த நாள் முதலாக, நடுக்கூடத்தில்! தையல்நாயகி ஜன்னல் கம்பியை உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். எதிர் சீட்டில் பூ கட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள்.

பல்லாவரத்தில் செல்போன் அடித்தது. தென்னவன். எடுக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே எடுத்தாள். “மேடம், ரயில் ஏறிட்டீங்களா? நீங்க போனப்பறம் எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. கோவம் ஒண்ணும் இல்லியே?” “கோவம்தான் சார்.” செல்போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டாள். “வரும்போதே வந்துச்சு. இன்னும் இருக்கு.” “ஐயோ மேடம், நான் நல்லதுக்குத்தான்…” “நல்லதுக்குத்தான் சொன்னீங்க. எங்கம்மா நடவுக்குப் போனாங்கன்னு ஒங்களுக்கு யார் சார் சொன்னது?” “அது… பொதுவா ஒரு இதுல…” “பொதுவா.” பக்கத்துப் பெண் விழித்துக்கொண்டு இவளைப் பார்த்தாள். தையல்நாயகி குரலைத் தணிக்கவில்லை. “போனாங்கதான் சார். நடவுக்கும் போனாங்க, களையெடுக்கவும் போனாங்க. ஆனா நான் ஒங்ககிட்ட சொல்லலியே? சொல்லணும்னு தோணும்போது சொல்லுவேன், தோணலன்னா சொல்லாமலே சாவேன். அது என்னுது. ஜனவரிக்கெல்லாம் தர முடியாது.” “சரி மேடம், சரி. அத விடுங்க. நூவலத்தையே எழுதுங்க, வேணாங்கல. ஆனா நாவல்னு ஒரு பக்கம்கூட இன்னும் இல்லியே? மேப்ப வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது, சொல்லுங்க.” அவர் குரலில் முதல் தடவையாகக் கொஞ்சம் எரிச்சல் தெரிந்தது. அது அவளுக்குப் பிடித்திருந்தது. சுருக்கென்று பட்டது, ஆனால் பிடித்திருந்தது. “ஆமா சார். ஒரு பக்கம்கூட இல்ல” என்றாள். “எழுதிட்டுப் பேசறேன்.” வைத்துவிட்டாள். “யாருக்கா, வீட்டு ஓனரா?” என்றாள் பக்கத்துப் பெண். “இல்லம்மா. புத்தகம் போடறவரு.” அந்தப் பெண் இரண்டும் ஒன்றுதான் என்பதுபோல் தலையாட்டிவிட்டு, குரோம்பேட்டையில் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனாள்.

தாம்பரத்தில் பெட்டி பாதி காலியானது. காற்று வந்தது. ஒரு பக்கம்கூட இல்லை. ஏன் இல்லை? நூவலத்தில் ஒருத்தரும் ஏன் வீட்டைவிட்டு வெளியே வரவே இல்லை? வந்து என்ன செய்ய? பின்கட்டில் கிணறு, உள்ளே தானியக் குதிர், சுவரில் சரியான நேரத்துக்கு நிழல். எவளுக்கு என்ன குறை, தெருவில் இறங்கி நடக்க? எல்லா வாசலையும் அவளே அடைத்து வைத்துவிட்டு, கதை வரவில்லை கதை வரவில்லை என்று மேலும் மேலும் தெரு போட்டிருக்கிறாள். ஆத்திரத்தில் பல்லைக் கடித்தாள். போதும். அழித்துவிடலாமா? குழாயோடு ஜன்னல் வழியாக எறிந்தால் வண்டலூர் முள்செடியில் போய் விழும். எறியவில்லை. அதைவிடக் கொடுமையான ஒன்றைச் செய்தாள். ஒரு கிணற்றை வற்றவைத்தாள். எந்தக் கிணறு என்று தேர்ந்தெடுக்கவில்லை, எதுவோ ஒரு தெரு, எதுவோ ஒரு வீடு. வாளி உள்ளே போய் ‘தொம்’ என்று சேற்றில் மோதிய சத்தம் கேட்டது. ஒருத்தி எட்டிப் பார்த்தாள். இவளைத் தையல்நாயகி யோசித்து வைத்ததே இல்லை. காதுக்குப் பக்கத்தில் ஒரு மரு, கொஞ்சம் கால் வளைவு, உள்ளே கைக்குழந்தை ஒன்று சிணுங்கியது, குழந்தை எங்கிருந்து வந்தது? அவள் வாளியை இன்னொரு தடவை விட்டுப் பார்த்தாள். கயிற்றைச் சுருட்டி வைத்தாள். ரொம்ப நேரம் நின்றாள். அப்புறம் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, குழந்தையை ஒரு துணியில் கிடத்திவிட்டு, தெருவில் இறங்கினாள். இறங்கியேவிட்டாள். சாயங்கால வெயில் எந்தச் சுவரில் விழும் என்று தையல்நாயகிக்குத் தெரியும், விழுந்தது. குடத்துக்காரி அடுத்த வீட்டுக் கதவுக்கு முன்னால் போய் நின்றாள். தண்ணீர் கேட்பதற்கு அந்த மொழியில் சொல்லே இல்லை. தையல்நாயகி வைக்கவில்லை. ஆகையால் அவள் வாயைத் திறந்து மூடினாள், குடத்தை இரண்டு கையாலும் பிடித்து முன்னால் நீட்டினாள், கதவுக்கு. ஊரப்பாக்கம் போனது. கூடுவாஞ்சேரியில் தையல்நாயகி கூட்டத்தோடு இறங்கினாள், எப்படி இறங்கினாள் என்று தெரியாது, குழாய் கையில் இருந்தது. அந்தக் கதவுக்கு உள்ளேயிருந்து காலடிச் சத்தம். அடுத்த வீட்டுக்காரி வருகிறாள். தடித்த உடம்பு, நல்ல மாதிரி, தெருவில் யாருக்கு உடம்பு சரியில்லை என்றாலும் கஞ்சி வைத்துக் கொடுக்கிறவள், இதுவும் இந்த நிமிஷத்தில்தான் தெரிகிறது. கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். குடத்தைப் பார்த்தாள். புரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. தாழ்ப்பாளில் கை வைத்தாள். வைத்த கை அப்படியே நின்றது. நடைமேடையில் தையல்நாயகியும் நின்றாள். பின்னால் வந்தவர்கள் இடித்துக்கொண்டு, சுற்றிக்கொண்டு போனார்கள், ஒருவர் “வழியில நிக்காதம்மா” என்றார். அந்தக் கை நகரவில்லை. வெளியே குடம் நீட்டியபடி இருந்தது. அவளுக்குத் தெரியாத ஒன்று அந்த நாட்டில் நடக்கிறது, இத்தனை வருஷத்தில் முதல் முதலாக, அடுத்து என்ன என்று அவளுக்குத் தெரியவில்லை. கோபத்தில் கண் கலங்கியது.

“தொற” என்றாள்.

வாய்விட்டே சொல்லிவிட்டாள். டிக்கெட் கவுண்டர் பக்கம் போன இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“தொறடி கதவ!”